கலை வரலாறு படிக்கப் போகும் பேராப் பிள்ளைகளுக்கு

எஸ்.டி.பி.எம். முடிவு வந்ததும் கணக்கியல், சட்டம், தாதிமை என்று மற்றவர்கள் விண்ணப்பம் போடும்போது, கலை வரலாறு படித்தால் என்ன என்று யோசிக்கிற பிள்ளை ஈப்போவிலும் உண்டு, சுங்கை சிப்புட்டிலும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன், இடைநிலைப்பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன். சொல்வதில் எது உதவுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இது படம் வரையும் படிப்பு இல்லை என்பதை முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். "படம் வரைஞ்சு பொழைக்க முடியுமா?" என்ற கேள்விதான் முதலில் வரும். நீங்கள் படிக்கப் போவது வேறு. ஒரு சிலையோ கட்டடமோ படமோ கண் முன்னால் நிற்கிறது. அதைச் செய்தது யார், பணம் கொடுத்தது யார், எப்போது, எதைக் கொண்டு செய்தார்கள், செய்த பிறகு அதற்கு என்னென்ன நடந்தது? இந்த ஐந்து கேள்விக்கும் ஆதாரத்தோடு பதில் தேடுவதுதான் உங்கள் வேலை. அழகை ரசிக்கத் தெரிந்தால் நல்லது. ஆனால் ரசனைக்கு யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். வழக்கறிஞர் செய்கிற வேலைக்கு இது பக்கத்தில் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

2. படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். நம் நாட்டில் கலை வரலாறு பெரும்பாலும் கவின்கலைப் பட்டத்துக்குள் சில பாடங்களாகத்தான் கிடைக்கிறது. இதற்கு ஒரு பின்கதை உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், மைக்கேல் சல்லிவன் என்ற சீனக் கலை அறிஞர் அங்கே கலை வரலாறு கற்பித்தார். 1955-இல் அங்கு ஒரு கலை அரும்பொருளகமும் திறந்தார்கள். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் 1938-இல் சிங்கப்பூரில் பிறந்த டி.கே. சபாபதி. பெர்க்லியிலும் லண்டனிலும் மேற்படிப்பு முடித்து வந்து, 1970-களில் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தார். ரெட்சா பியதாசாவோடு சேர்ந்து அவர் எழுதிய மலேசிய நவீன ஓவியர்கள் பற்றிய ஆங்கில நூலை 1983-இல் டேவான் பஹாசா வெளியிட்டது. இன்றைக்கும் அதைத் தாண்டிப் போக முடியாது. சிங்கப்பூரில் இந்தப் படிப்பு வேகமாக எழுந்து, பிறகு நெடுங்காலம் சரிந்துகொண்டே போன கதையையும் 2010-இல் அவரே ஒரு சிறு நூலாக எழுதினார். தலைப்பின் பொருள் "எங்கும் போகாத சாலை". சேரும் முன் அதைப் படித்துவிடுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்தத் துறைக்கு நிலையான வீடு கிடைக்கவே இல்லை என்பது தெரிந்தால், நாளைக்கு உங்கள் துறையின் பெயரை மாற்றினாலும் வேறொன்றோடு இணைத்தாலும் கலங்க மாட்டீர்கள்.

பினாங்கு ஓர் இடம். மலாயாப் பல்கலைக்கழகம் இன்னோர் இடம். சிங்கப்பூர்ச் சேகரிப்பு பங்கு பிரிந்தபோது கோலாலம்பூருக்கு வந்த பகுதி, அந்த வளாகத்தின் ஆசியக் கலை அரும்பொருளகத்தில் இருக்கிறது. நம் மாநிலத்துக்குள்ளேயே வேண்டுமென்றால் தஞ்சோங் மாலிமில் உப்சி. அது கல்வியியல் பக்கம் சாய்ந்த இடம், ஆசிரியராக விருப்பம் உள்ளவர்களுக்கு ஏற்றது. வசதியும் துணிவும் இருந்தால் குஜராத்தில் பரோடா: அங்குள்ள கவின்கலைப் புலம் 1950-இல் தொடங்கியது, கலை வரலாற்றுக்கென்றே தனித் துறை வைத்திருக்கிறது. எங்கே போனாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். மூன்று ஆண்டில் கலை வரலாற்றுத் தாள் எத்தனை, அதில் பொருளை நேரில் பார்த்து எழுத வேண்டிய தாள் எத்தனை?

3. படிக்கும் முன் பாருங்கள். ஈப்போ பழைய நகரில் பர்ச் நினைவு மணிக்கூண்டு இருக்கிறது. 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச்சின் நினைவாக 1909-இல் எழுந்தது. பக்கத்துக் கடையில் சாப்பிட்டுவிட்டு அதைக் கடந்து போகிறவர்கள் ஆயிரம் பேர். நீங்கள் ஒரு மணி நேரம் நின்று சுற்றிச் சுற்றிப் பாருங்கள். மனித நாகரிகத்தின் வளர்ச்சியைக் காட்டுவதாகச் சொல்லி ஒரு வரிசை மனிதர்களை அதில் தீட்டியிருக்கிறார்கள். மோசே, புத்தர், கன்பூசியஸ் என்று போகும். யார் யார் வரிசையில் இருக்கிறார்கள், யார் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். நபிகளின் உருவம் இருந்த இடம் பின்னாளில் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. அந்த மறைத்த இடமும் படத்தின் ஒரு பகுதிதான், அதையும் எழுதுங்கள். பிறகு தலையைத் திருப்பித் தெருப் பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். தத்தோ மகாராஜா லேலா, தத்தோ சாகோர்: பர்ச்சைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர்கள். ஆண்டவர்கள் கட்டிய கூண்டைச் சுதந்திர நாடு இடிக்கவில்லை, அதைச் சுற்றிலும் பெயரை மாற்றி வைத்தது. 1909-இல் அந்தக் கூண்டுக்கு இருந்த பொருள் இன்றைக்கு இல்லை. இதை எந்தப் பாடநூலும் முதல் பக்கத்தில் உங்களுக்குச் சொல்லாது. நின்று பார்த்தால் தெரியும்.

எழுதும்போதும் இதே வரிசைதான். முதலில் கண்ணுக்குத் தெரிவது, அடுத்துத் தெரிந்துகொண்டது, கடைசியில் உங்கள் கருத்து. முதலாண்டுப் பிள்ளைகள் நேராகக் கருத்துக்குத் தாவிவிடுவார்கள். கட்டுரையின் முதல் பத்தியிலேயே "இது காலனியத்தின் சின்னம்" என்று எழுதிவிட்டால் இரண்டாம் பத்தியில் எழுத ஒன்றும் மிஞ்சாது.

4. பாதுவாவையும் பத்து காஜாவையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். முதலாண்டில் உங்களுக்கு இத்தாலியை நிறையக் காட்டுவார்கள். ஜொத்தோ, மசாச்சோ, மைக்கலாஞ்சலோ என்று படம் படமாக ஓடும். "எங்க ஊர்க் கோயில் எங்கே?" என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் கோபத்தில் பாடத்தை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அங்கே கற்கிற கேள்வி இங்கேயும் செல்லும்.

பத்து காஜா பக்கம் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915-இல் ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். நாமெல்லாம் பள்ளிச் சுற்றுலா போய்ப் பேய்க்கதை கேட்டுத் திரும்பிய அதே கெல்லிஸ் காசல். கட்டுமான வேலைக்குத் தமிழர்கள் வந்தார்கள். 1918-ஐ ஒட்டி உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அவர்களையும் வாரிக்கொண்டு போனது. தொழிலாளிகள் ஒரு மாரியம்மன் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், துரை கட்டிக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. அந்தக் கோயிலின் மேலே, சாமி உருவங்களுக்கு நடுவே, வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். அவர்தான் துரை என்கிறார்கள்.

சுற்றுலாப் பயணிகள் சிரித்துக்கொண்டு படமெடுக்கும் இடம் அது. நீங்கள் பாதுவாவில் ஜொத்தோ தீட்டிய சிற்றாலயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1305. கட்டப் பணம் கொடுத்தவர் என்ரிக்கோ ஸ்க்ரொவேஞ்ஞி, வட்டிக்குக் கொடுத்துப் பேர் கெட்ட ஒருவரின் மகன். இறுதித் தீர்ப்பு ஓவியத்தில், மோட்சத்துக்குப் போகிறவர்கள் பக்கத்தில், அவர் முழங்காலிட்டு அந்த ஆலயத்தின் சிறு வடிவத்தைக் காணிக்கையாக நீட்டுகிறார். அடுத்து நம் சோழநாட்டுக் கோனேரிராஜபுரத்துக்கு வாருங்கள். செம்பியன் மாதேவியார் கணவர் கண்டராதித்தரின் பெயரால் எழுப்பிய கற்றளியில், கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பமும் அதைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கின்றன. மதுரைப் புதுமண்டபத் தூண்களில் நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கிறார்கள்.

இப்போது துரையைத் திரும்பப் பாருங்கள். மற்ற மூன்று இடத்திலும் கொடுத்தவரோ, யார் பெயரால் கொடுத்தார்களோ அவரோ, வணங்குகிற நிலையில் இருக்கிறார். துரை வணங்குகிறாரா, சும்மா நிற்கிறாரா? சாமிகளோடு ஒப்பிட்டால் உயரம் என்ன? எந்தத் திசையைப் பார்க்கிறார்? தன்னை வைக்கச் சொன்னது அவரா, நன்றிக்காகத் தொழிலாளிகள் வைத்ததா, இரண்டுமே இல்லாமல் பிந்திய திருப்பணியில் ஒரு ஸ்தபதி சேர்த்ததா? இன்று தெரியும் வெள்ளை வண்ணம் எந்தக் கும்பாபிஷேகத்தில் ஏறியது? நன்றி என்றே வைத்துக்கொண்டாலும், காய்ச்சலில் செத்த கூலிகளில் ஒருவருக்குக்கூட அங்கே உருவம் இல்லையே, அதை எப்படி எழுதுவது? ஓர் இளங்கலை ஆய்வேட்டுக்கு இது போதும். பாதுவாவைப் படிக்காதவருக்கு இந்தக் கேள்விகளில் பாதி தோன்றாது. பத்து காஜாவில் வளராதவருக்கு மீதிப் பாதி தோன்றாது.

5. கையில் பென்சில் இருக்கட்டும். கைப்பேசி எல்லாவற்றையும் எடுத்துவிடும், அதனால் நீங்கள் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள். ஒரு தூணை வரைந்து பாருங்கள், சுமாராக வந்தாலும் போதும். எங்கே வளைவு தொடங்குகிறது, எங்கே பூச்சு உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

6. உபயத்தைப் படியுங்கள். நம் கோயில்களில் பளிங்குப் பலகையில் மட்டும் இல்லை, மின்விசிறியிலும் டியூப் லைட்டிலும் சுவர்ப் பளிங்குச் சில்லிலும் "உபயம்" என்று எழுதி வைப்பார்கள். கேலி செய்யாதீர்கள். பெயர், ஊர், தோட்டம், சில இடத்தில் ஆண்டும் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் யார் எந்த விளக்குக்கு எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்று கல்லில் வெட்டி வைத்ததும் இதே குணம்தான். ஆய்வாளர்கள் அதைப் பயபக்தியோடு படிக்கிறார்கள். நம் டியூப் லைட்டுக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கும்பாபிஷேக மலர்களைத் தேடிப் பிடியுங்கள். திருப்பணிக் குழுவினர் பெயர், ஸ்தபதி எந்த ஊரிலிருந்து வந்தார், பழைய கோயிலின் மங்கலான படம் ஒன்று, நடுவில் நகைக்கடை விளம்பரம். இவை நூலகத்தில் அதிகம் கிடைக்காது. முன்னாள் செயலாளர் வீட்டு அலமாரியில் கிடைக்கும். அவர் இருக்கும்போதே போய்விடுங்கள். அடுத்தது செய்தித்தாள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. சிங்கப்பூர்த் தமிழ் முரசின் பழைய இதழ்களும் அன்றைய மலாயாவின் ஆங்கில நாளிதழ்கள் பலவும் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் சேமிப்பில் இருக்கின்றன. தோட்டத்துப் பெயரைப் போட்டுத் தேடினால் திருவிழாச் செய்தி, தீ விபத்து, புதுக் கட்டடத் திறப்பு என்று ஏதாவது அகப்படும். பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், நாலையும் போட்டுத் தேடுங்கள்.

வயதானவர்களிடம் கேளுங்கள், ஆனால் கேட்டதை அப்படியே ஆண்டாக மாற்றிவிடாதீர்கள். "ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடி" என்று பாட்டி சொன்னால், பாட்டி அப்படிச் சொன்னதாக எழுதுங்கள். அது ஒரு சான்று. செய்தித்தாள் இன்னொரு சான்று. இரண்டும் முட்டிக்கொண்டால் இரண்டையும் எழுதிவிட்டு, எதை ஏன் நம்புகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

7. மட்டமான பொருள் என்று எதையும் தள்ளாதீர்கள். லயத்து வீட்டுச் சாமி மேடையில் என்ன இருந்தது? பெரும்பாலும் சட்டம் போட்ட காலண்டர் படம்தான். அதைத் தீட்டியவருக்குப் பெயர் உண்டு. கோவில்பட்டியில் ஓவியக்கூடம் வைத்திருந்த சி. கொண்டையராஜு, 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர். சென்னையில் ஓவியம் கற்று, நாடகத் திரைச்சீலைகள் தீட்டி, பிறகு சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் போட்டுக் கொடுத்தார். அவரும் அவர் சீடர்களும் போட்ட முருகனும் மீனாட்சியும் கப்பலேறி இங்கே வந்து பால்மரக் காட்டுக்குள் குடியேறினார்கள். தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஓவியம் அதுதான். நவீன ஓவியம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவது எனக்குப் பிடிபடவே இல்லை.

தோட்டமே ஒரு கட்டடக் கலைப் பாடம். மேட்டில் துரை பங்களா, கீழே கிராணி வீடு, அதற்கும் கீழே வரிசை லயம், நடுவில் பிரட்டுக் களம், ஒரு பக்கம் ஸ்டோரும் ஆயக்கொட்டகையும், எல்லையில் முனீஸ்வரர். யார் யாரை எங்கிருந்து பார்க்க முடியும் என்று வரைபடம் போட்டுப் பாருங்கள், அதிகாரம் தரையிலேயே எழுதியிருக்கும். 1950-களிலும் 60-களிலும் நடந்த தோட்டத் துண்டாடலில் பல போயின. செம்பனை வந்து மீதியை மாற்றியது. பிறகு வீடமைப்புத் திட்டங்கள். லயம் போய்விட்டது, மாரியம்மன் மட்டும் தாமான் ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறாள். அவள் எத்தனை முறை இடம் மாறினாள் என்பதை விசாரித்து எழுத ஆள் தேவை. வெளியூர்ப் பேராசிரியர் யாரும் வந்து இதைச் செய்யப் போவதில்லை.

8. பெருமைக்கு வரலாறு எழுதாதீர்கள். இது கொஞ்சம் வலிக்கும். ராஜேந்திரன் 1025-இல் கடல் கடந்து படை நடத்தினான் என்றதும், பேராவில் கிடைக்கிற பழைய கல்லெல்லாம் சோழர் கல் ஆகிவிடுகிறது. புருவாஸ் பக்கம் கங்கா நெகாரா என்ற அரசு இருந்ததாக மலாய் மரபு சொல்கிறது. அதை வென்ற ராஜா சூரானும் ராஜேந்திரனும் ஒருவரே என்று சொல்வாரும் உண்டு. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி தான் வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. கடாரம் இருக்கிறது, இலங்காசோகம் இருக்கிறது, கங்கா நெகாரா என்ற பெயர் இல்லை. மரபுக்கதை ஒரு வகைச் சான்று, கல்வெட்டு இன்னொரு வகை, மண்ணில் கிடைத்த பொருள் மூன்றாவது வகை. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள்.

1936-இல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகளோடு ஒரு வெண்கல அவலோகிதேஸ்வரர் கிடைத்தார். இப்போது கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறார். மகாயான பௌத்தச் சிலை, ராஜேந்திரன் படையெடுப்புக்கு முந்தியதாகவே அறிஞர்கள் கருதுவது. இந்தியச் சாயல் இருக்கிறது, சுமத்ரா, ஜாவாச் சாயலும் இருக்கிறது. "நம்முடையது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், இவ்வளவு பெரிய வெண்கலம் பீடோர் பக்கத்துக்கு ஏன் வந்தது, யார் வணங்கினார்கள் என்ற கேள்விகள் அங்கேயே புதைந்துபோகும்.

9. அடுத்தவர் வாசலையும் மிதியுங்கள். தமிழ்ப் பிள்ளை கோயிலை மட்டும் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை. 1959-இல் தம்பூன் சுண்ணாம்புக் குன்றில் ஒரு கூர்க்காப் படை அதிகாரி செந்நிறப் பாறை ஓவியங்களைக் கண்டார். பின்னாளில் பினாங்கு ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பொறுமையாகப் பதிவு செய்தபோது 600-க்கும் மேற்பட்ட உருவங்கள் தேறின, முன்பு எண்ணியதைப் போலப் பல மடங்கு. பாறை அதே பாறைதான், பார்த்த விதம் மாறியது. ஈப்போ ரயில் நிலையமும் கோலகங்சார் உபுடியா பள்ளிவாசலும் ஒரே கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பக்கின் வேலை, இரண்டும் 1917-இல் முடிந்தவை. ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு, குவிமாடத்தை அவர் எங்கே எப்படிக் கையாளுகிறார் என்று எழுதுங்கள். 1926-இல் தொடங்கிய பேராக் தோங் குகைக் கோயிலின் சுவர் ஓவியங்களுக்குச் சீனம் படிக்கத் தெரிந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தைப்பிங்கில் 1883-இல் தொடங்கிய பேராக் அரும்பொருளகம் நாட்டிலேயே பழையது. அங்கே பொருளைப் பார்த்த பிறகு, பொருளை அடுக்கிய முறையையும் பாருங்கள்.

10. நம் காலத்து ஓவியர்களையும் படியுங்கள். அழகன்குளத்தில் 1943-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, மலேசிய ஓவியராக நிலைத்தவர் சையத் தாஜுதீன். ராமாயணத்தைப் பெரிய அளவில் தீட்டியவர். 2016-இல் மறைந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் செய்திப் படங்களை வைத்து 1970-களிலேயே சுற்றுச்சூழலையும் போரையும் பேசினார். ஜே. அனுரேந்திரா கல்யாண மணவறையையே கலைப்படைப்பாக மாற்றினார். நம் மாநிலத்து லாட் இருக்கிறார், 1979-இல் "கம்போங் பாய்" போட்டவர். அவர் கோட்டில் வரும் ஈப்போத் தெருவையும் தமிழ் முகங்களையும் கேலிச்சித்திரம் என்று ஒதுக்காமல் பாருங்கள். கோலாலம்பூரில் தேசிய ஓவியக்கூடம் 1958-இலிருந்து சேகரித்து வருகிறது. ஈப்போவிலிருந்து இ.டி.எஸ். ரயில் ஏறினால் அன்றே போய்த் திரும்பலாம். ஈப்போ பழைய நகரில் 2014-இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சுவரோவியங்கள் வெயிலிலும் மழையிலும் மங்கிக்கொண்டு வருகின்றன. காப்பாற்ற வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று நண்பர்களோடு சண்டை போடுங்கள். காப்பி நிறுவனம் பணம் கொடுத்து வரைந்தவை என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

11. மூன்று மொழி போதாது, ஆனால் மூன்றும் திடமாக வேண்டும். மலாயும் ஆங்கிலமும் தேர்வுக்கு வேண்டும். தமிழை விட்டுவிட்டால் மேலே சொன்ன மலரும் உபயமும் உங்களுக்கு வெறும் கோடு. மயிலை சீனி. வேங்கடசாமியின் "தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்" 1956-இல் வந்தது. கலைச்சொற்களைத் தமிழில் பழக அதிலிருந்து தொடங்கலாம். ஜாவி எழுத்துப் படிக்கக் கற்றால் பேராவில் பாதிக் கதவு திறக்கும்.

12. வேலை. மறைக்காமல் சொல்கிறேன்: காப்பாட்சியர் பதவி அடிக்கடி காலியாவதில்லை, காலியானால் போட்டி பலமாக இருக்கும். கல்விக் கடனை இந்தப் பட்டம் மட்டும் தானாக அடைத்துவிடாது. ஆகவே கூடவே ஒரு கைத்தொழில் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல புகைப்படம், பட்டியலிடும் முறை, மொழிபெயர்ப்பு, பழம்பொருள் பராமரிப்பு என்று ஏதாவது ஒன்று. பராமரிப்புக்குப் போக நினைப்பவர்கள் வேதியியலை விட்டுவிட வேண்டாம். ஏல நிறுவனம், தனியார் ஓவியக்கூடம், மரபுடைமைத் துறை, பள்ளி ஆசிரியர் பணி என்று வழிகள் இருக்கின்றன. நேர்வழி எதுவும் இல்லை. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி படித்தது நிலவியல். இலங்கையில் கனிமம் தேடும் அரசு வேலையில் ஊர் ஊராகப் போனபோதுதான் கிராமத்துக் கைவினைஞர்களைப் பார்த்தார். 1908-இல் சிங்களக் கலை பற்றி எழுதினார், 1917-இல் பாஸ்டன் அரும்பொருளகத்துக்குப் போனார். அவருக்குச் சொத்து இருந்தது, நமக்கு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆண்டு வருமானம் உறுதியாக வேண்டிய குடும்பச் சூழ்நிலை உள்ள பிள்ளை, ஆசிரியர் பயிற்சியோடு இதைப் படிப்பதே புத்தி. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

13. வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு பழைய தோட்டக் கோயிலில் திருப்பணி வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், பாலாலயம் நடப்பதற்கு முன் போய்விடுங்கள். தலைவரிடம் அனுமதி கேளுங்கள், ஐயரிடமும் கேளுங்கள், கருவறையைப் படமெடுக்காதீர்கள். அளவு நாடா கொண்டுபோங்கள். நான்கு பக்கமும் நேராக நின்று எடுங்கள், ஒவ்வோர் உருவத்தையும் தனியாக எடுங்கள், அருகில் ஓர் அளவுகோல் வையுங்கள். எந்தப் படம் எந்தத் திசை என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். வண்ணம் உரிந்த இடத்தில் அடியில் வேறு வண்ணம் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள், நகத்தால் சுரண்டாதீர்கள். ஒரு பிரதியைக் கோயிலில் கொடுத்துவிட்டு வாருங்கள். பெயிண்ட் வாளி வந்து இறங்கிய பிறகு போனால், நீங்கள் பார்க்க வேண்டியது அங்கே இருக்காது.